வருடக்கணக்கில் வீட்டிலிருந்தே வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு நிறுவனத்தின் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2020 முதல் பெரும்பாலும் சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் நான்கறை வீட்டிலிருந்துதான் வேலை. அதனால் சொந்தக்காரர்கள், பிள்ளைகளோடு படிப்பவர்களின் அம்மாக்கள், கோயிலில் பார்ப்பவர்கள் என்று பலரும் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றிரண்டு மாதம் சமாளிக்க நினைப்பவர்களைவிட, பல வருடம் இப்படியே போக நினைப்பவர்களுக்குத்தான் இது உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் கம்பெனியின் சம்மதம் பாதிதான். மீதிப் பாதி வீட்டில் உள்ளவர்களின் சம்மதம். கீழே வரும் பதில்களில் பல அங்கேதான் போய் நிற்கும்.

வீட்டிலிருந்து வேலைன்னா ஆபீசுக்கே போக வேண்டாமா, அக்கா?

சிலருக்கு அப்படி. பலருக்கு வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்கம் இருந்தபோது முடிந்தவர்கள் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் ஏறி இறங்கி, 2022 ஏப்ரல் 26 முதல் எல்லா ஊழியர்களும் வேலையிடத்துக்குத் திரும்பலாம் என்று ஆனது. அன்றிலிருந்து இது நீங்களும் முதலாளியும் பேசி ஒத்துக்கொள்ளும் ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். வேறு கம்பெனியில் இருக்கும் உங்கள் தோழிக்கு எத்தனை நாள் கிடைத்தது என்பதை வைத்து உங்களுக்குக் கிடைப்பதைக் கணக்குப் போடாதீர்கள்.

கேட்டால் கொடுத்தே ஆகணும்னு புதுசா சட்டம் வந்திருக்காமே?

இல்லை. வந்திருப்பது அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. வீட்டிலிருந்து வேலை, வேலை நேர மாற்றம் போன்ற நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு ஊழியர் முறைப்படி விண்ணப்பித்தால், முதலாளி அதைச் சரியாகப் பரிசீலித்து இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர்கள் விண்ணப்பிக்கலாம்.

ஆக, உங்களுக்கு உறுதியாகக் கிடைப்பது கேட்கும் வழியும் பதிலும். முடிவு முதலாளியின் கையில்தான். இந்த வேறுபாடு தெரியாமல் “இது என் உரிமை” என்று மேலாளரிடம் பேசப் போய் மனக்கசப்பானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எப்படி எழுதிக் கேட்பது? “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை”ன்னு எழுதினால் போதாதா?

காரணம் ஒரு பகுதிதான். விண்ணப்பத்தில் தேதி, என்ன ஏற்பாடு வேண்டும், வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு காலத்துக்கு, ஏன், எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பவை இருக்க வேண்டும். கம்பெனியிடம் படிவம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இவற்றோடு இரண்டு விஷயங்களைச் சேர்த்து எழுதச் சொல்வேன். முதலாவது, உங்கள் வேலையில் எதை வீட்டிலிருந்து செய்ய முடியும், எதற்கு அலுவலகம் வரத்தான் வேண்டும் என்று நீங்களே பிரித்துக் காட்டுங்கள். சம்பளக் கணக்கில் மாதக் கடைசி வாரம் நேரில் இருப்பது நல்லது. அதை நானே முன்வந்து எழுதியதால் பேச்சு சுலபமாக முடிந்தது. இரண்டாவது, ஆறு மாதம் கழித்துச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஒரு தேதி குறிப்பிடுங்கள். முடிவே இல்லாத ஏற்பாட்டுக்குத் தலையாட்ட எந்த மேலாளரும் தயங்குவார். தேதி இருந்தால் அந்தத் தயக்கம் குறையும்.

மறுத்துட்டாங்க. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

காரணத்தைப் பாருங்கள். செலவு மிகவும் கூடும், வேலையின் அளவோ தரமோ குறையும், நடைமுறைக்கு ஒத்துவராது என்பவை ஏற்கத்தக்க வணிகக் காரணங்கள். தாதி, பேருந்து ஓட்டுநர், கடை முகப்பில் நிற்பவர் ஆகியோருக்கு வேலை இருக்கும் இடம் வீடு அல்ல. அங்கே வேலை நேரத்தை மாற்றிக் கேட்பது பலன் தரலாம். அதுவும் இதே நெறிமுறைகளுக்குள் வருகிறது.

“எங்களுக்கு இதில் நம்பிக்கை இல்லை”, “ஆள் கண்ணெதிரே இருக்க வேண்டும்” என்பவை, நன்றாக வேலை செய்து வரும் ஊழியரிடம் சொல்லத்தக்க காரணங்கள் அல்ல. முதலில் கம்பெனிக்குள் பேசுங்கள், ஐந்து நாளுக்குப் பதில் இரண்டு நாள் கேளுங்கள். பதிலே வராமல் இழுத்தடித்தால் மனிதவள அமைச்சு, நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டஃபெப் முத்தரப்புக் கூட்டணி, என்டியுசி தொழிற்சங்க அமைப்பு இவற்றில் ஒன்றை அணுகலாம்.

உண்மையைச் சொல்லுங்க, பணம் மிச்சமாகுதா?

ஆகிறது, ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. ரயில், பேருந்துக் கட்டணமும் வெளியே சாப்பிடும் செலவும் குறையும். அதில் ஒரு பகுதியை மின்சாரம் தின்றுவிடும். மடிக்கணினியும் மின்விசிறியும் பெரிய செலவே இல்லை. ஒரு யூனிட் ஏறக்குறைய 30 காசு என்று வைத்தால், ஒரு நாள் எட்டு மணி நேரம், மாதம் 22 நாள் ஓடினாலும் இரண்டும் சேர்ந்து ஆறேழு வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்) வரும். குளிர்சாதனம் அப்படியில்லை. மணிக்கு முக்கால் யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை இழுத்தால் அதே கணக்கில் ஏறக்குறைய 40 முதல் 53 வெள்ளி. சன்னலைத் திறந்து, காற்று வரும் பக்கம் மேசையைப் போட முடிந்தால் இதில் பெரும்பகுதி மிச்சம்.

என்னைக் கேட்டால் பெரிய லாபம் நேரம்தான். ஈசூனிலிருந்து நகர மையத்தில் உள்ள ராஃபிள்ஸ் பிளேஸ் போய்த் திரும்ப, நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து நாளில் இரண்டு மணி நேரத்துக்குப் பக்கத்தில் போய்விடும். அந்த நேரத்தில் பிள்ளையைத் தமிழ் வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காரலாம், அப்பாவைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போகலாம். ஆனால் அந்த நேரத்தையும் அலுவலக வேலைக்கே கொடுத்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பலருக்கு இதுதான் நடக்கிறது.

கரண்ட் பில்லுக்கு வரியில் கழிவு கிடைக்குமாமே?

கிடைக்கும். வீட்டிலிருந்து வேலை செய்வதால் கூடுதலாக ஆன மின்சார, தொலைத்தொடர்புச் செலவை, கம்பெனி திருப்பித் தராமல் இருந்தால், வேலை தொடர்பான செலவாக வருமான வரிப் படிவத்தில் காட்டலாம். கூடுதலான தொகை மட்டும்தான் செல்லும், முழு பில் அல்ல. வீட்டிலிருந்து வேலை தொடங்குவதற்கு முந்தைய பில்லோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும். கணவன், மனைவி இருவரும் வீட்டிலிருந்து வேலை செய்தால் அந்த வித்தியாசத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மாதக் கட்டணம் மாறாத இணையத் திட்டத்துக்கு எதுவும் கிடைக்காது. மேசை, நாற்காலி, ரவுட்டர் முதலீட்டுச் செலவுகள் என்பதால் அவற்றுக்கும் இல்லை. பில்களை ஐந்து வருடம் வைத்திருங்கள்.

மூவறை வீட்டில் ஐந்து பேர். மேசை போட எங்கே இடம்?

தனி அறை இல்லாவிட்டாலும் நிலையான ஒரு மூலை வேண்டும். தினமும் சாப்பாட்டு மேசையில் விரித்து, சாப்பாட்டு நேரத்தில் சுருட்டி வைப்பது சில மாதம் ஓடும், வருடக்கணக்கில் ஓடாது. வேலை நேரத்தில் படுக்கையறையைக் கேட்பதென்றால், அந்த அறையில் பகலில் தூங்குபவர் யார், அவர் எங்கே போவார் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பாம் ஷெல்டரில், அதாவது வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையில், மேசை போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். சத்தம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கனத்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைஃபையைத் தடுக்கும், காற்றும் போதாது. கதவைத் திறந்தே வைத்து, நீளமான இணையக் கம்பி இழுத்து, ஒரு விசிறியும் போட்டால் குறுகிய அழைப்புகளுக்கு ஆகும். நாள் முழுக்க அதற்குள் உட்காருவது உடம்புக்கு நல்லதல்ல. முதலில் பணம் போட வேண்டியது நல்ல நாற்காலியில். அடுத்து, திரையைக் கண் உயரத்துக்குத் தூக்க ஒரு தாங்கியும் தனி விசைப்பலகையும். மடிக்கணினியைக் குனிந்தே பார்த்துக் கழுத்து வலியோடு வருபவர்கள் அதிகம்.

மேல் வீட்டில் டிரில் போட ஆரம்பிச்சா மீட்டிங் பண்ணவே முடியலை. புகார் கொடுக்கலாமா?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சுவர் இடிப்பது, ஓடு பெயர்ப்பது, துளையிடுவது போன்ற சத்தமான வேலைகளுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 5 வரை அனுமதி உண்டு. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் கூடாது. நம் வேலை நேரமும் அதேதான் என்பதால், விதிக்குட்பட்டுச் செய்பவர்கள் மேல் புகார் நிற்காது. லிஃப்ட் பக்கத்திலோ வாசலிலோ ஒட்டும் அறிவிப்பைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அந்த நாட்களை முன்கூட்டியே அலுவலக நாளாகவோ நூலக நாளாகவோ மாற்றிக்கொள்ளுங்கள்.

தெம்பனிஸ், ஜூரோங், உட்லண்ட்ஸ், பொங்கோல் வட்டார நூலகங்களில் உட்கார்ந்து வேலை செய்யலாம், இலவச வைஃபையும் உண்டு. பேச வேண்டிய வேலையை அங்கே கொண்டுபோகாதீர்கள். பொது வைஃபையில் வாடிக்கையாளர் விவரங்களைத் திறப்பதற்கு முன் கம்பெனியின் விதியைப் பாருங்கள். என் வேலையில் அது கூடவே கூடாது.

மாமியார் “வீட்லதானே இருக்கே”ன்னு ஒவ்வொரு வேலையாகச் சொல்றாங்க. எப்படிப் புரியவைக்கிறது?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கணவர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் “ஆபீஸ் வேலை, தொந்தரவு பண்ணாதே” என்பார்கள். மனைவி அதே வேலையைச் செய்யும்போது குக்கர் விசிலையும் எண்ண வேண்டியிருக்கும். இது நியாயமில்லை என்பதை வீட்டுக்குள் சத்தம் போடாமல், ஆனால் தெளிவாகச் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் கணவர் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவர் சொன்னால் அது வீட்டு முடிவாகும், நீங்கள் சொன்னால் மருமகளின் குறையாகத்தான் போய்ச் சேரும்.

அத்தையின் பக்கமும் ஒன்று இருக்கிறது. பகல் முழுக்க அந்த வீடு அவருடையதாக இருந்தது. அவர் நாடகம் பார்த்தார், தோழியோடு தொலைபேசியில் சத்தமாகப் பேசினார், நினைத்தபோது தாளித்தார். இப்போது கூடத்தில் ஓர் அலுவலகம் வந்து உட்கார்ந்துவிட்டது. அவர் விட்டுக்கொடுத்ததையும் நாம் வாய்விட்டுச் சொன்னால் பேச்சின் தன்மையே மாறும். அப்புறம் நேரத்தை எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் அன்றைய அழைப்பு நேரங்கள் தமிழில் இருக்கும். “பத்தரை முதல் பதினொன்றரை வரை கூப்பிட வேண்டாம்” என்று தெரிந்தால் பெரியவர்கள் அதைக் காப்பாற்றுகிறார்கள். மதியச் சாப்பாட்டை அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அலுவலகம் போயிருந்தால் கிடைக்காத ஒன்று அது.

கைக்குழந்தையைப் பார்த்துக்கிட்டே வேலை செய்யலாம்தானே? குழந்தைப் பராமரிப்புச் செலவு மிச்சமாகுமே?

முடியாது. ஒரு வாரம் முடிந்தது போலத் தெரியும், பிறகு இரண்டும் கெடும். குழந்தை நிலையத்திலோ, பாட்டியிடமோ, பணிப்பெண்ணிடமோ இருக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்வதன் பயன், குழந்தையைக் கொண்டுவிடவும் கூட்டிவரவும் ஓடாமல் போக முடிவது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விடுப்பு எடுங்கள். ஏழு வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடிமகப் பிள்ளை இருந்தால், தகுதிபெறும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஆறு நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. “வீட்டில்தானே இருக்கிறேன், சமாளிக்கிறேன்” என்று அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ராத்திரி பத்து மணிக்கும் மேலாளர் மெசேஜ் அனுப்புறார். பதில் சொல்லணுமா?

வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை என்று இங்கே தனிச் சட்டம் இல்லை. 2020 நவம்பரில் வெளியான மனநலம் பற்றிய முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு, வேலை நேரத்துக்குப் பின் எப்படித் தொடர்புகொள்வது என்று நிறுவனங்கள் ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள ஊக்குவிக்கிறது. உங்கள் கம்பெனியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தும் பலருக்குத் தெரிவதில்லை.

மாதம் 2,600 வெள்ளி வரை சம்பளம் பெறும், நிர்வாகப் பொறுப்பில் இல்லாத அலுவலக ஊழியர் என்றால் வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதி உங்களுக்குப் பொருந்தும். வாரத்துக்கு 44 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம். வீட்டில் செய்தாலும் இதில் மாற்றம் இல்லை. மற்றவர்கள் மேலாளரிடம் நேராகவே கேட்கலாம்: “இரவில் வருவதைக் காலையில் பார்த்தால் போதுமா? அவசரம் என்றால் அழைத்துவிடுகிறீர்களா?” பல மேலாளர்கள் மறந்துவிடாமல் இருக்கத்தான் அனுப்புகிறார்கள். நாம்தான் உடனே பதில் போட்டு அதைப் பழக்கமாக்கிவிடுகிறோம்.

வேலை நேரத்தில் வீட்டில் விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு?

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும். ஆனால் காயம் வேலையினால், வேலையின்போது ஏற்பட்டது என்று தெரிய வேண்டும். அலுவலகக் கணினியின் கம்பி தடுக்கி விழுவது வேறு, சமையலறையில் வழுக்கி விழுவது வேறு. நடந்தால் அன்றைக்கே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, மருத்துவரிடமும் எப்படி நடந்தது என்று சொல்லுங்கள்.

பகலெல்லாம் யாரிடமும் பேசாமல் போகுது. முதலில் நிம்மதியா இருந்தது, இப்போ பயமா இருக்கு.

இதை வெளியே சொன்னதே நல்லது. முதல் வருடத்தில் அமைதி இனிக்கும். பிறகு மெல்ல மெல்ல, காலையில் எழுந்து உடை மாற்றவே தோன்றாது, அழைப்புகளில் படத்தை அணைத்துவைப்பது வழக்கமாகும், யாராவது வெளியே கூப்பிட்டால் அலுப்பாக இருக்கும். தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் சிலர், வார நாட்களில் வாய்திறந்து தமிழ் பேசுவதே ஊருக்குப் போன் போடும்போதுதான் என்கிறார்கள்.

நான் சொல்வது எளிதானவைதான். வேலை தொடங்குமுன் கீழே இறங்கிப் புளோக்கைச் சுற்றி நடந்து, கோப்பிக்கடையில் ஒரு தே வாங்கிக்கொண்டு ஏறுங்கள். வாரத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டை ஆளோடு சாப்பிடுங்கள், பழைய சக ஊழியரானாலும் சரி, பக்கத்துப் புளோக்கில் வீட்டிலிருந்து வேலை செய்யும் இன்னொருவரானாலும் சரி. சமூக மன்றத்திலோ நூலகத் தமிழ் வாசகர் குழுவிலோ கோயில் தொண்டிலோ நாள் குறித்து நடக்கும் ஏதாவது ஒன்றில் சேருங்கள். தோன்றும்போது போகலாம் என்று விட்டால் தோன்றவே தோன்றாது. தூக்கம் கெட்டு, பயமும் துக்கமும் வாரக்கணக்கில் நீடித்தால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

கண்ணில் படாட்டி பதவி உயர்வு கிடைக்குமா?

கொஞ்சம் கஷ்டம்தான், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. தாழ்வாரத்தில் நடக்கும் பேச்சில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அதற்கு ஈடாக, முடித்த வேலையை வாரம் ஒருமுறை நாலு வரியில் மேலாளருக்கு எழுதுங்கள். நம் வீடுகளில் சொந்த வேலையைச் சொல்லிக்கொள்வது தற்பெருமை என்று வளர்த்திருக்கிறார்கள். வேலையிடத்தில் அது தகவல் மட்டுமே. அலுவலகம் போகும் நாட்களை மற்றவர்கள் வரும் நாட்களோடு பொருத்திக்கொள்ளுங்கள். காலியான மாடியில் தனியாக உட்கார்ந்துவிட்டு வருவதால் எதுவும் ஆகாது.

ஊருக்குப் போய் அங்கிருந்தே இரண்டு மாதம் வேலை செய்யட்டுமா? யாருக்குத் தெரியப்போகுது?

தெரியும். கம்பெனியின் கணினி எந்த நாட்டிலிருந்து இணைகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மேலே சொன்ன விண்ணப்பத்தில் “வீடு” என்று எழுதியது சிங்கப்பூர் வீட்டைத்தான். வெளிநாட்டிலிருந்து வேலை செய்வதற்குத் தனியாக, எழுத்தில் அனுமதி வேண்டும். தகவல் பாதுகாப்பு, காப்புறுதி, விசா, வரி நான்கும் இதில் வரும். சுற்றுலா விசாவில் இந்தியா போகிறவர்கள் அங்கே வேலை செய்வதற்கு அந்த விசா இடம் தராது.

வரியைப் பொறுத்தவரை, வேலை எந்த நாட்டில் உட்கார்ந்து செய்யப்படுகிறது என்பது முக்கியம். இந்தியா, சிங்கப்பூர் இடையிலான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தில் 183 நாள் வரம்பு உண்டு, ஆனால் அதோடு வேறு நிபந்தனைகளும் உண்டு. நாள் கணக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நேரத்தையும் பாருங்கள்: இங்கே காலை 9 மணி என்றால் சென்னையில் 6.30. அம்மா கோலம் போடும் நேரத்தில் உங்கள் முதல் அழைப்பு தொடங்கும்.

வாட்ஸ்அப்பில் “வீட்டிலிருந்தே ஒரு நாளைக்கு 300 வெள்ளி”ன்னு வருதே, அது?

மோசடி. காணொளிக்கு லைக் போடச் சொல்லி முதலில் சிறு தொகை தருவார்கள், பிறகு அதிகம் சம்பாதிக்க உங்களைப் பணம் கட்டச் சொல்வார்கள். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். வீட்டோடு இருக்கும் பெரியவர்களுக்கும் இந்த எண்ணைச் சொல்லிக் கொடுங்கள்.

இது எனக்கு ஒத்துவரலைன்னு எப்படித் தெரியும்? திரும்ப ஆபீசுக்குப் போனா தோல்வியா நினைப்பாங்களே?

வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு உங்களைவிட முன்பே தெரியும். “அம்மா எப்பவும் கோவமா இருக்காங்க” என்று பிள்ளை சொன்னால், அப்பா நீங்கள் அழைப்பில் இருக்கும்போது தன் அறையைவிட்டு வெளியே வராமலே இருந்தால், ஏற்பாட்டை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. முழுதாக விட வேண்டும் என்றில்லை, ஐந்து நாளை மூன்றாக்கலாம். பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் வருடத்தில் வீட்டிலிருந்துவிட்டு அடுத்த வருடம் அலுவலகம் திரும்பியவர்களும், அலுவலகத்திலேயே இருந்துவிட்டுப் பெற்றோரின் அறுவை சிகிச்சைக்காக வீட்டுக்கு மாறியவர்களும் எனக்குத் தெரிந்தவர்களில் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் ஆறு மாதத் தேதி போடச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். அந்தத் தேதிக்கு முந்தைய வாரம் சாப்பாட்டு மேசையில் எல்லாரையும் உட்காரவைத்துக் கேளுங்கள், பிறகு மேலாளரிடம் போங்கள்.